கொலராடோ தெருப் பாலம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னியா ராஜ்யத்துப் பாஸடீனா நகரின் மேற்கே, அரோயோ ஸெக்கோ என்னும் ஆழ்ந்த ஓடைப் பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டப்பட்ட கான்கிரீட் கமான் பாலம். 1912-இல் வேலை துவங்கி, 1913 டிசம்பர் 13-ஆம் தேதி திறக்கப்பட்டது. நீளம் 1,467 அடி. உயரம் சுமார் 150 அடி.

அதற்குமுன், லாஸ் ஏஞ்சல்ஸ் திசையாகப் பிரயாணம் செய்வோர், குதிரைகளைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி வண்டியைச் செங்குத்தான சரிவில் இறக்கி, அடியிலிருந்த ஸ்கோவில் பாலம் என்னும் சிறு பாலத்தால் ஓடையைக் கடந்து, எதிர்க்கரையில் மறுபடியும் ஏறவேண்டியிருந்தது. மோட்டார் வண்டிகள் பெருகவே, கரையோடு கரையைச் சேர்க்கும் உயர்ந்த பாலம் ஒன்று அவசியமாயிற்று.

கான்ஸாஸ் நகரத்து வாடெல்-ஹாரிங்டன் எஞ்சினியர் ஸ்தாபனத்தார் அதற்குத் திட்டம் வகுத்தனர். ஆயினும், பள்ளத்தின் அடியில், பெருங்கமான்களின் பாரத்தைத் தாங்கவல்ல கெட்டித்தரை நேர்கோட்டில் அகப்படாமையால், கான்டிராக்டரான ஜான் டிரேக் மெர்ஸரோ, உறுதியான நிலம் உள்ள இடங்களை அனுசரித்துப் பாலத்தையே வளைத்துவிடலாம் என்று யோசனை கூறினார். இன்று காண்போர் கண்ணைக் கவரும் அவ்வளைவு, அலங்காரத்தை உத்தேசித்து அமைந்ததன்று. அஸ்திவாரத்தின் நிர்ப்பந்தத்தால் நேர்ந்தது. மண்ணின் சுபாவத்துக்கு இணங்கியதனாலேயே சௌந்தரியம் பெற்ற கட்டடங்களுக்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் காண்பது அரிது.

கமான் கட்டுகையில், முதலில் மரச்சாரம் நிறுத்தி, அதன்மேல் பலகை அடைத்து, கம்பி பரப்பிக் கான்கிரீட்டை இடுவர். அது இறுகித் தன்னைத் தானே தாங்கும் வரையில் பாரம் முழுவதும் சாரத்தின் மீதே நிற்கும். 1913 ஆகஸ்டு முதல் தேதி அவ்விதம் அமைத்திருந்த சாரம் சரிந்து வீழ்ந்ததில், தொழிலாளிகள் மூவர் மாண்டனர். பாலத்தைப் புகழ்வோர் அவர்களை மறத்தல் நியாயமாகாது.

பிற்காலத்தில் 66-ஆம் எண் நெடுஞ்சாலை இதன் வழியே சென்றது. 1940-இல் அரோயோ ஸெக்கோ பெருஞ்சாலை ஏற்பட்டபின் அந்தப் போக்குவரத்து அப்புறம் திரும்பிவிட்டது. 1953-இல் அருகிலேயே வேறொரு பெரும்பாலமும் எழுந்தது. நாளடைவில் கான்கிரீட் சிதையலாயிற்று. 1981-இல் தேசியச் சரித்திரச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட போதிலும், 1989-இல் வட கலிபோர்னியாவை உலுக்கிய லோமா பிரீட்டா பூகம்பத்திற்குப் பின், முன்ஜாக்கிரதையாக இது மூடப்பட்டது. சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர் செலவில், கொத்துவிளக்குத் தூண்களும் கைப்பிடிச் சுவரும் பழைய அமைப்பிலேயே புதுப்பிக்கப்பட்டு, 1993-இல் மீண்டும் திறக்கப்பட்டது.