தாழ்சர்க்கரையை அளந்த வரலாறு

நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்வோருக்கு, 100 மி.லி. இரத்தத்தில் குளுக்கோசின் அளவு 70 மி.கிராமுக்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். பேச்சுவழக்கில் ‘லோ சுகர்’. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை முதல் அறிகுறிகள். மேலும் இறங்கினால் பேச்சு குழறும், நினைவு தடுமாறும், வலிப்பும் மயக்கமும் வரலாம். மூளை தன் வேலைக்குப் பெரும்பாலும் குளுக்கோசையே நம்பியிருப்பதுதான் காரணம். இந்த ஆபத்து இன்சுலினோடு சேர்ந்தே தெரியவந்தது. ஆனால் நோயாளி அதைத் தம் வீட்டில் அளந்து பார்க்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1921இல் மக்லியாடின் ஆய்வகத்தில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றை நாய்களிடம் சோதித்து வந்தனர். அச்சாற்றைத் தூய்மைப்படுத்த ஆண்டின் இறுதியில் வந்து சேர்ந்த உயிர்வேதியியலாளர் கோலிப், அதை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். சாறு வீரியமாக இருந்தபோது முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோசு கொடுத்ததும் தெளிந்து எழுந்தன. பின்னர் இந்த வலிப்பே மருந்தின் அளவுகோலாகவும் ஆயிற்று. 24 மணி நேரம் பட்டினி கிடந்த 2 கிலோ முயலின் சர்க்கரையை வலிப்பு வரக்கூடிய 45 மி.கி. அளவுக்கு இறக்கும் இன்சுலினே முதலில் ஒரு ‘யூனிட்’ எனப்பட்டது. மனிதருக்கு அது மிகுதி என்று கண்டு மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள்.

1922 ஜனவரியில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அதே ஆண்டில் டொராண்டோ மருத்துவர்கள் ஃபிளெட்சரும் கேம்பெல்லும் நோயாளிகளிடம் தோன்றிய தாழ்சர்க்கரை அறிகுறிகளை விவரித்து எழுதினர். ஆரஞ்சுச் சாறு, மிட்டாய் என்று இனிப்பு எதையாவது எப்போதும் கையில் வைத்திருக்கும் பழக்கம் அந்நாளிலேயே தொடங்கியது.

மருந்து தெரிந்திருந்தது, அளக்கத்தான் வழியில்லை. வீட்டில் செய்ய முடிந்தது சிறுநீர்ச் சோதனை மட்டுமே. பெனடிக்ட் கரைசலோடு சிறுநீரைச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவுக்கேற்ப நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் சிவப்பாகும். பள்ளி ஆய்வகத்தில் குளுக்கோசைக் கொண்டு இதைப் பல ஆண்டுகள் செய்து காட்டியிருக்கிறேன். நிறம் மாறாத குழாய் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்க எனக்கே அன்று தோன்றியதில்லை. இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் கசியும். ஆகவே குழாய் நீலமாகவே இருந்தால் இரத்தத்தில் 150ம் இருக்கலாம், 40ம் இருக்கலாம். மேலும் சிறுநீர் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைக் காட்டுவது.

1960களின் நடுவில் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்னும் பட்டையைக் கொண்டுவந்தது. ஒரு துளி இரத்தம் விட்டு, ஒரு நிமிடம் கழித்து நீரால் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அந்த நிறத்தை ஒளியால் அளக்கும் கருவி 1970ஐ ஒட்டி வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, பல நூறு டாலர் விலை. மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்குமே விற்றார்கள். மயங்கிக் கிடப்பவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரை இறங்கியவரா என்று அவசரச் சிகிச்சைப் பிரிவில் பிரித்தறிய அது உதவும் என்று கருதப்பட்டது.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற நியூயார்க் பொறியாளருக்கு 12 வயது முதல் நீரிழிவு. அவருக்குக் கருவியை விற்க மாட்டார்கள் என்பதால், மருத்துவரான மனைவியின் பெயரில் வாங்கினார். நாள்தோறும் பலமுறை அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றியமைத்தார். தம் அனுபவத்தை எழுதி அனுப்பிய கட்டுரையை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. 45ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். நோயாளியின் சொல்லுக்குப் பட்டம் வந்த பிறகே செவி கிடைத்தது என்பது வருந்தத்தக்கது. இதற்கிடையே 1978இல் இங்கிலாந்தின் மருத்துவக் குழுக்கள், நோயாளிகள் வீட்டிலேயே நம்பகமாக அளக்க முடியும் என்று காட்டின.

1993இல் வெளியான அமெரிக்கப் பெரும் ஆய்வொன்று, சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகப் பாதிப்புகள் பெரிதும் குறையும் என்று நிறுவியது. கூடவே, கடுமையான தாழ்சர்க்கரை ஏறக்குறைய மூன்று மடங்கானது என்றும் கண்டது. அடிக்கடி அளப்பது அதனால் மேலும் இன்றியமையாததாயிற்று.

இன்றைய நடைமுறை எளிது. அறிகுறி தோன்றியதும் அளக்க வேண்டும். கருவி கையில் இல்லையென்றால் தாழ்சர்க்கரை என்றே கொள்ள வேண்டும். 15 கிராம் அளவுக்கு, அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோசோ நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். 70க்கு மேல் ஏறாவிட்டால் மறுபடியும் அதே அளவு. ஏறிய பின், அடுத்த வேளை உணவு தொலைவில் இருந்தால் ஏதாவது சிற்றுண்டி. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். குளுக்ககான் ஊசி இருந்தால் போட வேண்டும். இல்லையேல் உடனே மருத்துவமனை. 54க்குக் கீழே இறங்குவது எப்போதுமே தீவிரமானது.

தூக்கத்தில் இறங்குவதை மட்டும் விரலில் குத்தி அறிய முடியாது. தோலில் பொருத்தி, சர்க்கரை இறங்கும்போது ஒலியெழுப்பி எழுப்பும் உணரிகள் அதற்காகவே இப்போது பயன்படுகின்றன.