முதல் மூன்று மாதப் பயம்: மாத்திரையா, மனிதத் துணையா?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும். மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்ற செய்தி கணவர், மாமியார், பெற்ற தாய் ஆகியோரைத் தாண்டிப் போகாது. "மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்" என்பார் வீட்டுப் பெரியவர். கண்ணேறு படும் என்ற எண்ணம் ஒருபுறம். கலைந்துபோனால் பலருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்ற தயக்கம் மறுபுறம். லயத்து வீடு போய் அடுக்குமாடி வீடு வந்துவிட்டது. வழக்கம் மட்டும் பல குடும்பங்களில் அப்படியே இருக்கிறது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உறுதி செய்யப்பட்ட கர்ப்பங்களில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை தானாகவே கலைந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 13 வாரங்களுக்குள் நேர்பவை. ஆக, ஒரு பெண் மிகவும் பயப்படும் காலமும் அவள் வாய் திறந்து பேச முடியாத காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இந்தப் பயத்துக்கு மருத்துவ உலகம் கடந்த நூறு ஆண்டுகளில் என்ன பதில் சொல்லி வந்திருக்கிறது? திரும்பிப் பார்த்தால் இன்றைய குடும்பங்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

எலியும் தவளையும் பதில் சொன்ன காலம்

"உண்டா, இல்லையா?" என்பதுதான் முதல் கவலை. 1920களின் பிற்பகுதி வரை ஆரம்ப வாரங்களில் இதற்கு நம்பகமான சோதனை கிடையாது. மசக்கையை வைத்தும் நாள் கணக்கை வைத்தும் மருத்துவச்சி ஊகிப்பார். வயிற்றில் அசைவு தெரியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1928ல் பெர்லின் நகரில் செல்மார் ஆஷைம், பெர்ன்ஹார்ட் சொண்டெக் என்ற இரு மருத்துவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெண்ணின் சிறுநீரை எலிக்குஞ்சுகளின் உடலில் செலுத்தி, சில நாள் கழித்து அவற்றை அறுத்துச் சினைப்பையைப் பார்க்க வேண்டும். பின்னர் ஆப்பிரிக்கத் தவளை வந்தது. சிறுநீர் செலுத்தப்பட்ட பெண் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிட்டால் கர்ப்பம் உறுதி. எதுவானாலும் முடிவு முதலில் மருத்துவரின் மேசைக்குத்தான் போனது. சம்பந்தப்பட்ட பெண் கடைசியில்தான் தெரிந்துகொண்டாள்.

இந்த நிலையை மாற்ற நினைத்தவர் மார்கரெட் கிரேன் என்ற 26 வயது வடிவமைப்பாளர். 1967ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், வரிசையாக நின்ற சோதனைக் குழாய்களைப் பார்த்து, இதைப் பெண்களே வீட்டில் செய்துகொள்ளலாமே என்று ஒரு சிறு பெட்டியை வடிவமைத்தார். பெண்கள் தாங்களாகவே சோதித்துக்கொள்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்கக் கடைகளுக்கு அந்தச் சாதனம் வந்து சேர 1970களின் பிற்பகுதி ஆயிற்று.

அமைதி தருவதாகச் சொன்ன மாத்திரை

உண்டு என்று தெரிந்த பிறகு வாந்தி, தூக்கமின்மை, படபடப்பு. அதற்கு அக்காலம் கண்ட பதில் மாத்திரை. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. நிம்மதியாகத் தூங்க வைக்கும், மனத்தை அமைதிப்படுத்தும், மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமலேயே அங்கே வாங்க முடிந்தது. மசக்கைக்கும் அதைக் கொடுத்தார்கள். பல நாடுகளில் பல பெயர்களில் அது பரவியது.

கருவில் கை, கால் உருவாகும் ஆரம்ப வாரங்களில் ஒரு மாத்திரை போனாலும் போதும், ஊனம் நேரலாம் என்பது பின்னர்தான் தெரிந்தது. தான் கர்ப்பம் என்பதையே பல பெண்கள் அறியாத நாள்கள் அவை. 1961 நவம்பரில் ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் எச்சரித்தார். ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் என்ற மருத்துவரும் அதே சந்தேகத்தை எழுப்பினார். அம்மாத இறுதியில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கெல்சி என்ற அரசாங்க அதிகாரி, போதிய ஆதாரம் கொடுங்கள் என்று கேட்டு அனுமதியைத் தராமல் வைத்திருந்ததால், அங்கே அது விற்பனைக்கு வரவில்லை. மருந்தைத் தயாரித்த குருனென்தால் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012ல்தான்.

இதில் மனத்தைத் தைக்கும் விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பெண்ணும் அலட்சியத்தால் அந்த மாத்திரையைப் போடவில்லை. உடம்புக்கு முடியவில்லை, தூக்கமில்லை என்று சொன்னாள். கிடைத்த பதில் அது. இந்த நிகழ்வுக்குப் பிறகுதான் பல நாடுகள் மருந்துச் சட்டங்களை இறுக்கின. அதே வேளை, இன்னொரு கோடிக்கும் போய்விடக் கூடாது. ஆஸ்துமா, வலிப்பு, மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்து எடுத்து வருபவர்கள் கர்ப்பம் என்றதும் பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுவது ஆபத்து. மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொதிகலன் ஆலையிலிருந்து வந்த விடை

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வேறொரு வழி திறந்தது. இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலைகளால் பார்க்கும் கருவி கொதிகலன் ஆலைகளில் இருந்தது. மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்ட் 1955ல் அப்படிப்பட்ட ஓர் ஆலைக்குச் சென்று, அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டிகளை அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். பொறியாளர் டாம் பிரவுனும் மருத்துவர் ஜான் மெக்விகாரும் துணை நிற்க, 1958ல் அவர்களின் ஆய்வு லான்செட் இதழில் வந்தது. 1970களின் தொடக்கத்தில் அதே கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன், ஏழாவது வாரத்தையொட்டியே கருவின் இதயத் துடிப்பைக் காட்டினார். கருவின் நீளத்தை அளந்து வயதைக் கணிக்கும் முறையையும் 1973ல் வெளியிட்டார். இன்று கிளினிக்கில் தாதி சொல்லும் வாரக் கணக்கு அந்த வழியில் வந்ததுதான்.

"என்னால்தானா?" என்ற கேள்விக்கும் 1975ல் பாரிஸிலிருந்து பதில் வந்தது. கலைந்த கருக்களை ஆராய்ந்த புவே தம்பதியர், ஆரம்பக் காலத்தில் கலைந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் குரோமோசோம் குறை இருந்ததைக் கண்டார்கள். தண்ணீர்க் குடம் தூக்கியதாலோ, மாடிப்படி ஏறியதாலோ, பயந்ததாலோ வருவதல்ல அந்தக் குறை. பெரும்பாலும் கருத்தரிக்கும்போதே அமைந்துவிடுவது. "நீ சும்மா இருந்திருந்தால் தங்கியிருக்கும்" என்று மருமகளைக் குற்றம் சொல்லும் வீடுகள் இதைக் கேட்க வேண்டும்.

ஒஸ்லோவின் பரிவு

மூன்றாவது பதில் நார்வேயிலிருந்து வந்தது. அடிக்கடி கரு கலைந்தும் காரணம் கண்டுபிடிக்க முடியாத பெண்களை ஸ்ட்ரே பெடர்சன் தம்பதியர் ஒஸ்லோவில் கவனித்தார்கள். வாரந்தோறும் மருத்துவரைப் பார்ப்பது, மனந்திறந்து பேசுவது, ஓய்வு. இதற்கு மேல் தனி மருந்து எதுவும் இல்லை. 1984ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பராமரிக்கப்பட்டவர்களில் 86 விழுக்காட்டினர் குழந்தை பெற்றார்கள். அந்தப் பராமரிப்பு கிடைக்காதவர்களில் 33 விழுக்காட்டினர்.

இதைப் பக்குவமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது சிறிய ஆய்வு. பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்ததும் அல்ல. பரிவுதான் கருவைக் காத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பரிவால் எந்தக் கேடும் இல்லை. பயந்திருக்கும் பெண்ணுக்கு அது அன்றைய பொழுதைக் கடக்க உதவுகிறது. ஆரம்ப மாதங்களுக்கென்றே தனிக் கிளினிக்குகள் பல நாடுகளில் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

நம் பகுதியில் ஒரு காலத்தில் தாயின் உயிரே பெரிய கவலையாக இருந்தது. 1957ல் மலாயாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்தார்கள். 2010களில் அது 30க்கும் கீழே வந்தது. சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரி 109. அந்த நெருக்கடியில் இரண்டு மாதக் கர்ப்பிணியின் மனக்கலக்கத்தை உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? இன்று அந்த நேரத்தை ஒதுக்க முடியும்.

மலேசியக் கிளினிக்குகளில் தாயின் பதிவுப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் இடுவார்கள். மஞ்சளைப் பார்த்ததும் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கலங்குபவர்கள் உண்டு. எந்த அளவுக் கண்காணிப்பு தேவை என்பதைத்தான் அந்த நிறம் சொல்கிறது. புரியாவிட்டால் அங்கேயே தாதியிடம் கேட்டுவிடலாம். இரத்தப்போக்கோ கடுமையான வயிற்றுவலியோ வந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குக் கலக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதையும் வாந்தி, தலைசுற்றல் போலவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

ஊருக்குச் சொல்வதை மூன்று மாதம் தள்ளிப்போடுவது அவரவர் விருப்பம். அதில் தவறில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் அவள் தன் பயத்தைச் சொல்லிக்கொள்ள வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். அது கணவராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம். "அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா இரு" என்று வாயை அடைக்காமல், அவள் சொல்வதை முழுதாகக் கேட்டு, அடுத்த கிளினிக் நாளில் கூடவே போய் உட்கார்ந்தால் போதும்.