மைசூர் மண்ணில் ஒரு தமிழ் இசைப் புதுமையாளர்

ராபர்ட்சன்பேட்டையில் வாழும் தமிழர்களின் முன்னோர் பலர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளினின்றும் மைசூர் சமஸ்தானத்திற்குப் பொன் அகழ வந்தவர்கள். அதே சமஸ்தானத்திற்கு இசை வழங்க வந்த தமிழர் ஒருவரும் உண்டு. அவரே ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்.

திருநெல்வேலிச் சீமையில் 1877-ஆம் ஆண்டு பிறந்த பாகவதர், இளமையிலேயே தந்தையை இழந்தார். திருவையாற்றுச் சாம்பசிவ ஐயரிடம் இசை பயின்றார். பாடகராகவும் ஹரிகதை வல்லுநராகவும் புகழெய்திய அவரை, மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரித்து ஆஸ்தான வித்துவானாக்கினார். மன்னரின் விருப்பத்திற்கிணங்கிச் சாமுண்டேசுவரியின்மீது கன்னடத்தில் 108 கீர்த்தனைகளை அவர் இயற்றினார். தாய்மொழி தமிழாயினும், தமக்கு வாழ்வளித்த நாட்டின் மொழியைக் கற்றுப் பாட அவர் தயங்கவில்லை.

புதுமை காண்பதிலும் அவ்வாறே. மோகனத்தின் ஆரோகணத்தையும் கல்யாணியின் அவரோகணத்தையும் இணைத்து மோகனகல்யாணி என்னும் இராகத்தை அமைத்தார். ‘ம’, ‘ப’ என்னும் இரு சுரங்களையும் பாடும்போது உதடுகள் ஒட்டும். அவ்விரண்டையும் நீக்கி நிரோஷ்டம் என்னும் இராகத்தைப் படைத்தார். அதில் அமைந்த கீர்த்தனையின் சாகித்தியத்திலும் உதடு ஒட்டும் எழுத்துகளை விலக்கினார். மேனாட்டு மெட்டைத் தழுவிய அவருடைய ‘இங்கிலீஷ் நோட்’டை, மாணவர் மதுரை மணி ஐயர் கச்சேரிதோறும் பரப்பினார்.

தாமே ஒரு தடையை விதித்துக்கொண்டு, அதனுள் புதுவழி காண்பது கலைஞர்க்கு இயல்பு. ஐஸ்லாந்துப் பாடகி பியர்க், 2004-ஆம் ஆண்டில், பெரும்பாலும் மனிதக் குரலொலிகளைக் கொண்டே ‘மெடுல்லா’ என்னும் இசைத்தொகுப்பை ஆக்கினார். பாகவதரோ இலக்கணத்தின் எல்லைக்குள் நின்றே அதனை விரித்தார்.

1943-ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1945-இல் மைசூரிலேயே அவர் மறைந்தார்.

அரண்மனைக்கு வந்த வித்துவானும் சுரங்கத்தினுள் இறங்கிய தொழிலாளியும் ஒரே நிலையினர் அல்லர். முன்னவர் பெற்ற சிறப்பைப் பின்னவர் பெற்றிலர். ஆயினும் பிறமொழி சூழ்ந்த நாட்டில் வாழ்வு நடத்தும் கடமை இருவர்க்கும் பொது. சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. தமிழர் ஒருவர் இயற்றிய கன்னடக் கீர்த்தனைகளோ இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன. நம் இல்லத்துப் பிள்ளைகள் தமிழை மறவாமல் கன்னடத்திலும் தேர்ச்சி பெறுவரேல், அவர்கள் செல்லும் வழி பாகவதர் முன்னரே நடந்து காட்டிய வழியாகும்.