முதன்மை எண்களை எண்ணும் சூத்திரம்

அடுத்த முதன்மை எண் எங்கே வரும் என்பதற்கு எளிய ஒழுங்கு இல்லை. ஆனால் ஓர் எல்லைக்குள் எத்தனை இருக்கும் என்பதை ஏறத்தாழச் சொல்லலாம். எல்லையை அதன் இயற்கை மடக்கையால் வகுத்தால் போதும். உயர்தர மாணவர்கள் கணிகருவியில் செய்து பாருங்கள்: பத்து இலட்சத்துக்கு 72,382 வரும். உண்மையான எண்ணிக்கை 78,498.

சிறுவயதிலேயே இந்தப் போக்கைக் கண்ட காவுஸின் தொகையீட்டு வடிவம் 78,628 தரும். 130 தான் கூட. 1859இல் ரீமான், இந்த வழுவை ஸீட்டாச் சார்பின் பூச்சியங்களோடு இணைத்தார். 1896இல் ஹடமார், வலே பூசான் இருவரும் தனித்தனியே தேற்றத்தை நிறுவினர்.

நான் அதிகம் யோசிப்பது இராமானுஜனைப் பற்றித்தான். 1913இல் ஹார்டிக்கு எழுதுகையில், எல்லை எவ்வளவு பெருத்தாலும் தன் சூத்திரத்தின் வழு சிறிதாகவே இருக்கும் என்றார். பத்து இலட்சத்தில் வழு வெறும் 29. ஆனாலும் கூற்று தவறு. ஸீட்டாவின் சிக்கலெண் பூச்சியங்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் மேடைப் பேச்சுகளில் இது வருவதேயில்லை. அவரின் பெருமை இதனால் குறையாது என்பது என் எண்ணம்.

அட்டவணைகளை மட்டும் நம்பவும் முடியாது. கணித்துப் பார்த்த இடமெல்லாம் காவுஸின் மதிப்பு உண்மையைவிடக் கூடவே நின்றது. 1914இல் லிட்டில்வூட், அது முடிவின்றிப் பலமுறை மாறும் என நிறுவினார். அப்படியான ஓர் இடம் 317 இலக்க எண்ணொன்றின் அருகே உள்ளது.