கட்டுரை வகைகளும் ஈழத்தில் அவற்றின் வரலாறும்

பரீட்சை வினாத்தாளில் மாணவர் பெரிதும் கவனியாது விடுவது வினாவின் இறுதிச் சொல்லையே. விபரிக்குக, விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக என்னும் ஏவல்கள் ஒன்றற்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டுரை வகையை வேண்டி நிற்பன. மொந்தேயின் 1580 ஆம் ஆண்டிலும் பேக்கன் 1597 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களோடு ஐரோப்பாவிலே கட்டுரை தனி இலக்கிய வடிவமாயிற்று. அதனால் இவ்வகைகள் யாவும் மேலைநாட்டிலிருந்து இரவலாகப் பெறப்பட்டவை என எண்ணுவோர் உளர். ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றை நோக்குமிடத்து, ஒவ்வொரு வகையும் இங்கு ஒரு சமுதாயத் தேவையினின்றும் எழுந்தமை புலனாகும்.

கட்டுரை என்னும் சொல் பழமையானது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதை அப்பெயரையே பெற்றுள்ளது. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காக வகுத்துக் கூறும். இறையனார் அகப்பொருளுரை வினா விடையாக வளர்ந்து செல்வது. ஆயினும், இவ்வுரைகள் மூலநூலைச் சார்ந்தே நின்றன. ஒரு பொருளைப் பொதுவாசகனுக்குத் தனித்து எடுத்துரைக்கும் கட்டுரை, அச்சியந்திரமும் பாடசாலையும் பரவிய பின்னரே வளர்ச்சியுற்றது.

முதலில் உருப்பெற்றது விளக்கக் கட்டுரை எனலாம். 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி மேலைத்தேய அறிவுத்துறைகளைப் புகட்டியது. அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' 1841 முதல் அத்தகைய செய்திகளைத் தமிழிலும் வழங்கியது. அறியாதவனுக்கு அறிவித்தலே இங்கு நோக்கமாதலால், எளிமையும் ஒழுங்கும் இன்றியமையாதனவாயின. ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் இந்நடையைப் பாடசாலை மாணவரிடையே நிலைபெறச் செய்தன.

வாதக் கட்டுரை சமயப் பூசலில் வளர்ந்தது. நாவலர் 1854 இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' இதற்குத் தக்க சான்றாகும். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்றவராதலால், எதிர்த்தரப்பினரின் நூலை அவர் நன்கு அறிந்திருந்தார். சைவக் கிரியைகளைப் பழித்தோருக்கு அவர்தம் வேதநூலிலிருந்தே ஒத்த வழக்கங்களை எடுத்துக்காட்டி விடையிறுத்தார். மறுக்கப்படும் கருத்தைச் செவ்வனே அறிந்த பின்னரே மறுக்க வேண்டும் என்பது இந்நூல் கற்பிக்கும் பாடம். எனினும், தன் தரப்பை நிறுவுதலே கண்டன நூலின் குறிக்கோள். தன் தரப்புக்கு மாறான சான்றையும் தேடிச் சென்று நிறுத்துப் பார்த்தல் அதன் பணியன்று.

அப்பணியை ஆராய்ச்சிக் கட்டுரை மேற்கொண்டது. சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலிய பதிப்புகளுக்கு வரைந்த பதிப்புரைகள் இத்துறையின் முன்னோடிகளாகும். செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந் தெரிந்த அவர், நூலாசிரியர் காலம், தமிழிலக்கிய வரலாற்றின் காலப் பகுப்பு என்பன பற்றியும் அங்கு ஆராய்ந்தார். அவர்தம் முடிபுகள் சில பிற்காலத்தில் ஏற்கப்படாது போயின. ஆயின், சான்று காட்டி முடிபு கூறும் முறை நிலைத்தது.

ஒப்பீட்டுக் கட்டுரை இருபதாம் நூற்றாண்டிற் சிறப்புற்றது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ் மரபோடு இணைத்து நோக்கிய விபுலாநந்த அடிகளின் 'மதங்கசூளாமணி' 1926 இல் வெளிவந்தது. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவரே. க. கைலாசபதியின் 'ஒப்பியல் இலக்கியம்' (1969) இம்முயற்சியைச் சமூகவியல் நோக்கோடு முன்னெடுத்தது. வெறும் ஒற்றுமை வேற்றுமைகளின் பட்டியல் ஒப்பீடு ஆகாது. அவற்றின் காரணங்களைக் காண்டலே ஒப்பீட்டின் பயன்.

1960 இல் பல்கலைக்கழகக் கலைத்துறையில் தாய்மொழிவழிப் போதனை தொடங்கியபோது, இவ்வகைகள் யாவும் மாணவர் கைக்கு வந்து சேர்ந்தன. ஆயின் அவை வேறுபாடறிந்து கையாளப்படுகின்றனவா என்பது சிந்தித்தற்குரியது. 1931 ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பை எடுத்துக்கொள்வோம். அதனை விபரிக்குமாறு கேட்பின், சர்வசன வாக்குரிமையையும் ஏழு நிர்வாகக் குழுக்களையும் ஒழுங்காகக் கூறுதல் போதுமானது. யாழ்ப்பாணத்தில் அவ்வாண்டுத் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டமையை விளக்குமாறு கேட்பின், பூரண சுயராச்சியம் வழங்கப்படாமையை வாலிபர் காங்கிரஸ் எதிர்த்தமை முதலான காரணங்களை ஆராய வேண்டும். சோல்பரி அரசியலமைப்போடு ஒப்பிடுமாறு கேட்பின், நிர்வாகக் குழு முறைக்கும் மந்திரிசபை முறைக்கும் இடையிலான வேறுபாடு முதன்மை பெறும். அப்பகிஷ்கரிப்பை மதிப்பிடுமாறு கேட்பின், அதன் கொள்கை உறுதியையும் அரசாங்க சபையில் வடமாகாணத்து நான்கு ஆசனங்கள் வெறுமையாயிருந்ததன் விளைவையும் ஒருங்கே சீர்தூக்க வேண்டும். பொருள் ஒன்றேயாயினும் கட்டுரைகள் நான்கு. விரிவுரைக் குறிப்பொன்றை மனனஞ் செய்து நான்கு வினாக்களுக்கும் அதனையே எழுதுபவன் முதலாவதற்கு மட்டுமே விடையளித்தவனாவான்.

இது புள்ளிகள் பற்றிய பிரச்சினை மாத்திரமன்று. தாய்மொழியிற் கற்பவன் தாய்மொழியிற் சிந்திப்பான் என்ற நம்பிக்கையே தமிழ்மொழிப் போதனைக்கு அடிப்படையாய் அமைந்தது. எல்லா வினாக்களுக்கும் விபரணமே விடையாகுமாயின், தமிழ் குறிப்பெடுக்கும் மொழியாக அமையுமேயன்றி ஆராயும் மொழியாக வளராது. நாவலரும் தாமோதரம்பிள்ளையும் தத்தம் காலத்துத் தேவைக்கேற்ற வடிவத்தைத் தாமே ஆக்கிக்கொண்டனர். அவர்கள் ஆக்கித் தந்தவற்றுள் வினாவுக்குரியதைத் தெரிந்து கையாளுதல் இன்றைய மாணவரின் கடனாகும்.