கல்முனைக் கரையில் இடியப்பம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

தென்கிழக்காசிய இழையுணவுகளைச் சீனக் கோதுமை மரபின் நீட்சியாக மட்டும் கொள்வது முழுமையான பார்வையன்று. தாய்லாந்தின் கனோம் சீனும் வியட்நாமின் பூனும் அரிசி மாவைத் துளைகளினூடே கொதிநீரிற் பிழிந்து செய்யப்படுவன. ஈழத்து இடியப்பமோ தட்டிற் பிழிந்து ஆவியில் அவிக்கப்படுவது. வேக வைக்கும் முறை வேறாயினும் பிழியும் நுட்பம் ஒன்றே.

கூவியர் செய்த, இழைகள் சூழ்ந்த வட்டமான பண்ணியத்தைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகின்றது. பிற்காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இடியப்பம் 'புட்டு மாயம்' எனப் பெயர் பெற்று, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து உண்ணப்படலாயிற்று.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களில் அது சொதியோடும் சம்பலோடும் உண்ணப்படுகின்றது. அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுத்து, பிழிந்து, அவிப்பது பெண்களின் உழைப்பாகும். விற்பனைக்கென அவிக்கப்படும்போதும் அவ்வுழைப்பு வீட்டுவேலையாகவே எண்ணப்படுகின்றது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்தின் நெற்செய்கையை விரிவாக்கியது. எனினும், இறக்குமதிக் கோதுமை மாவும் இடியப்ப உரலுட் புகுந்தது. சிங்கப்பூர் நிறுவனமான பிரிமாவின் மாவாலை 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கியபின் அம்மாவின் வழங்கல் மேலும் உறுதிப்பட்டது. நெல் விளையும் மண்ணில் அயல்நாட்டுத் தானியம் காலையுணவாவது சுவை மாற்றம் மட்டுமன்று. விலை, இறக்குமதிக் கொள்கை, உழவரின் சந்தை ஆகியவற்றோடு பிணைந்தது. எனவே இடியப்பத்தின் வரலாறு, நெல் விளைவிப்போரையும் மாப் பிழிவோரையும் மையமாகக் கொண்டு எழுதப்படல் வேண்டும்.