காற்று மூல வெப்ப எக்கி நிறுவுதல் (ஐக்கிய இராச்சியம்)

காற்று மூல வெப்ப எக்கி என்பது வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து, அதனை உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றி, வீட்டையும் குளியல் நீரையும் சூடாக்கப் பயன்படும் மின் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஹீட் பம்ப் எனப்படுகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் பெரும்பாலான வீடுகள் இயற்கை எரிவளிக் கொதிகலன்களால் சூடாக்கப்படுகின்றன. கொதிகலனை அகற்றி வெப்ப எக்கியைப் பொருத்தும்போது, வாங்கும் கருவியைக் காட்டிலும் வீட்டின் ரேடியேட்டர்கள், குழாய்கள், முன்கணக்கு ஆகியனவே அதன் பயனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

செயற்பாடு

இது குளிர்சாதனப் பெட்டியின் தத்துவத்திலேயே இயங்குகின்றது. வெளியில் வைக்கப்படும் பெட்டியின் விசிறி, காற்றை ஆவியாக்கியின் ஊடாக இழுக்கின்றது. மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் குளிர்பதனப் பொருள் அங்கு ஆவியாகி வெப்பத்தை உள்வாங்குகின்றது. கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்க, அதன் வெப்பநிலை உயர்கின்றது. பின்னர் ஒடுக்கியில் அது நீர்மமாகி, தன் வெப்பத்தை வீட்டின் சூடாக்கல் நீருக்கு வழங்குகின்றது. உறைநிலைக்குக் கீழான காற்றிலும் வெப்பம் உண்டு என்பதால் பனிக்காலத்திலும் இது இயங்கும்; ஆனால் வெளி வெப்பநிலை குறையக் குறையத் திறன் குறையும்.

செலவிடும் ஓர் அலகு மின்சாரத்துக்கு எத்தனை அலகு வெப்பம் கிடைக்கின்றது என்பது செயற்றிறன் கெழு எனப்படும். ஆண்டு முழுவதற்குமான சராசரியே வீட்டுக்காரருக்குத் தேவையான எண் ஆகும். விற்பனைத் தாளில் அச்சிடப்படும் ஒற்றை எண் பெரும்பாலும் மிதமான ஒரு சோதனை நிலைக்கு உரியது.

வரலாறு

வெப்ப எக்கியின் கோட்பாட்டை வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1852 இல் விளக்கினார். பிரித்தானியாவின் முன்னோடி நிறுவல்களுள் ஒன்றை ஜான் சம்னர் 1940களின் நடுப்பகுதியில் நாரிச் நகரில் அமைத்தார். அது காற்றிலிருந்து அல்லாது வென்சம் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்தது. பின்னர் வட கடல் எரிவளி மலிவாகக் கிடைத்ததால் பிரித்தானியர் கொதிகலன்களின் பக்கம் சென்றனர்.

வெப்ப இழப்புக் கணக்கீடு

நிறுவலின் முதற்படி, ஒவ்வோர் அறையும் கடுங்குளிர் நாளில் எவ்வளவு வெப்பத்தை இழக்கின்றது எனக் கணக்கிடுவதாகும். சுவரின் வகை, கண்ணாடியின் அளவு, கூரையின் வெப்பக் காப்பு, காற்றுக் கசிவு ஆகியன இதில் சேரும். பழைய கொதிகலன் 24 கிலோவாட் என்பதால் வெப்ப எக்கியும் அந்த அளவினதாக இருக்க வேண்டும் என எண்ணுவது தவறு. பல கொதிகலன்கள் குளியலுக்கு உடனுக்குடன் நீர் காய்ச்சுவதற்காகவே அவ்வளவு பெரிதாகச் செய்யப்பட்டவை. நடுத்தர அளவு வீட்டுக்கு 6 முதல் 8 கிலோவாட் போதுமானதாக இருப்பது வழமை. தேவைக்கு மிகுதியான கருவி அடிக்கடி நின்று நின்று இயங்கும். இதனால் திறனும் கம்ப்ரசரின் ஆயுளும் குறையும்.

ரேடியேட்டர்களும் குழாய்களும்

கொதிகலன் ரேடியேட்டர்களுக்கு ஏறத்தாழ 70 பாகை செல்சியசு நீரை அனுப்பலாம். வெப்ப எக்கி 35 முதல் 50 பாகை வரையான நீரிலேயே சிக்கனமாக இயங்குகின்றது. அறையை விட நீர் சராசரியாக 50 பாகை சூடாக இருக்கும்போது 1000 வாட் தரும் ஒரு ரேடியேட்டர், அவ்வேறுபாடு 22.5 பாகையாகக் குறையும்போது ஏறத்தாழ 350 வாட் மட்டுமே தரும். எனவே ஒற்றைத் தகட்டு ரேடியேட்டர்களை இரட்டைத் தகட்டுடையவையாக மாற்ற நேரிடலாம். இச்செலவைத் தவிர்க்க நீரின் வெப்பநிலையை உயர்த்தினால், அந்த மிச்சம் ஆண்டுதோறும் மின்கட்டணத்தில் போய்விடும்.

குழாய்களின் தடிப்பும் இன்றியமையாதது. 6 கிலோவாட் வெப்பத்தை 20 பாகை வேறுபாட்டில் கொண்டுசெல்ல நிமிடத்துக்கு ஏறத்தாழ 4.3 இலீட்டர் நீர் போதும். வெப்ப எக்கியின் வழமையான 5 பாகை வேறுபாட்டில் அதற்கு 17 இலீட்டர் தேவை. 1970கள் முதல் பல வீடுகளில் இடப்பட்ட 8 அல்லது 10 மில்லிமீட்டர் செப்புக் குழாய்கள் இந்த ஓட்டத்துக்குப் போதாமல் போகலாம். அவ்வீடுகளில் தரைப்பலகைகளைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருப்பதே மாற்றத்தின் பெருந்தொல்லை எனலாம்.

தொட்டியில்லாக் கொதிகலன் இருந்த வீட்டில் சுடுநீர்த் தொட்டிக்கும் இடம் தேட வேண்டும். லெஜியோனெல்லா நுண்ணுயிரைத் தடுக்க அந்நீரை வாரம் ஒருமுறை 60 பாகைக்கு உயர்த்துவது வழக்கம்.

இயக்கச் செலவு

மின்சாரத்தின் அலகு விலை எரிவளியினதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோவாட்-மணி எரிவளியை எரிக்கும் வீட்டில், கொதிகலனின் திறன் 87.5 விழுக்காடு எனில், கிடைக்கும் வெப்பம் 10,500 கிலோவாட்-மணி. ஆண்டுச் சராசரிக் கெழு 3.5 ஆயின் வெப்ப எக்கிக்கு 3,000 கிலோவாட்-மணி மின்சாரம் தேவை. அதன் விலை 12,000 அலகு எரிவளியின் விலைக்குச் சமம். அதாவது, 3.5 க்குக் கீழே சென்றால் கட்டணம் உயரும். எரிவளி இணைப்பையே துண்டித்தால் அதன் நாள் கட்டணம் மிச்சமாகும். இரவு நேர மலிவு மின்சாரமும் கணக்கை மாற்றும்.

அரசு 742 வீடுகளில் நடத்திய சோதனைத் திட்டத்தில் காற்று மூலக் கருவிகளின் இடைநிலைக் கெழு ஏறத்தாழ 2.8 ஆக இருந்தது. கருவி நல்லதாயினும், அமைப்பும் அமைவுகளும் பிழைத்தால் கெழு குறையும். வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் வெப்பநிலையைத் தானே மாற்றும் வசதியை இயக்கி, கருவியை இடைவிடாது மெதுவாக ஓடவிடுவது சிறந்தது. கொதிகலனைப் போலக் காலையில் இரு மணி, மாலையில் நான்கு மணி என இயக்குவோர் அதிக வெப்பநிலை நீரைக் கேட்க நேர்கின்றது.

வெளிப்பெட்டியை வைத்தல்

காற்றோட்டம் தடைப்படாத இடம் தேவை. உறைநிலையை ஒட்டிய ஈரமான வானிலையில் ஆவியாக்கியில் பனி படியும். அப்போது கருவி தன் ஓட்டத்தைத் திருப்பி, வீட்டு நீரின் வெப்பத்தால் அதனை உருக்குகின்றது. அந்த நீர் நடைபாதையில் வழிந்தால் மீண்டும் உறைந்து வழுக்கும். ஆகவே அதனைச் சரளைக் குழிக்குள் விட வேண்டும். புரொப்பேன் நிரப்பிய பெட்டிகளைச் சன்னல், வடிகால் வாய் ஆகியவற்றிலிருந்து உற்பத்தியாளர் கூறும் தொலைவில் வைக்க வேண்டும், ஏனெனில் அது தீப்பற்றும், காற்றை விடக் கனமானது.

இங்கிலாந்தில் நில எல்லையிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைக்கத் திட்டமிடல் அனுமதி பெற வேண்டும் என்ற விதி 2025 மே மாதம் நீக்கப்பட்டது. ஒலி வரம்பு தொடர்கின்றது. மின் வழங்கல் வலையமைப்பு நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். பழைய தெருக்களில் இரு வீடுகள் ஒரே மின்வடத்தைப் பகிர்ந்திருப்பதுண்டு; அதனைப் பிரிக்கும் வரை பணி தாமதமாகலாம்.

நிதியுதவி

இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளில் 2022 இல் தொடங்கிய கொதிகலன் மேம்படுத்தல் திட்டத்தின் கீழ் 5,000 பவுண்டு வழங்கப்பட்டது. 2023 அக்டோபரில் இது 7,500 பவுண்டாக உயர்த்தப்பட்டது. எம்.சி.எஸ். சான்றிதழ் பெற்ற நிறுவுநரே வீட்டுக்காரரின் சார்பில் விண்ணப்பித்து, தொகையை விலையில் கழித்துக்கொள்வார். ஸ்காட்லாந்தில் தனித் திட்டம் உள்ளது. பெரிய பிரித்தானியாவில் வீட்டு நிறுவல்களுக்கு 2022 ஏப்ரல் முதல் 2027 மார்ச் இறுதி வரை மதிப்புக்கூட்டு வரி சுழியமாக வைக்கப்பட்டுள்ளது.